உரைகல் முதல் கியூஆர் வரை: பெயர் அட்டை தரும் வாக்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் பணப்பையைச் சற்றே திறந்து பாருங்கள். எப்படியும் இரண்டு மூன்று நேம் கார்டுகள் இருக்கும். ஒன்று காப்புறுதி முகவருடையது. ஒன்று குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவருடையது. இன்னொன்று திருமண மேடை அலங்காரம் செய்பவருடையது. இவர்களில் எத்தனை பேரை அட்டையை மட்டும் நம்பி நீங்கள் வீட்டுக்குள் விடுவீர்கள்? நான் பேச வந்த தலைப்பு இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஜொகூர் பாருவில் புதிதாகத் தொழில் தொடங்கும் நம் பிள்ளைகள் அச்சகத்துக்குப் போய்க் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, பார்த்தவுடனே நான் என்ன தொழில் பண்றேன்னு தெரியணும். கொஞ்சம் வித்தியாசமா இருக்கணும்." உடனே அச்சகத்தார் மாதிரிகளை எடுத்து மேசைமேல் பரப்புவார். தங்கநிற எழுத்து, எழும்பி நிற்கும் எழுத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், கியூஆர் குறியீடு, கைத்தொலைபேசியில் தொட்டாலே விவரம் போய்ச் சேரும் சில்லு பதித்த அட்டை. விலையும் அதற்கேற்ப ஏறும்.

தொழிலைக் காட்டும் அட்டை வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அது புதிய ஆசையும் அல்ல. தமிழர்களுக்கு அந்த ஆசை ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அதற்கான சான்று ஜொகூருக்கு வடக்கே, இதே தீபகற்பத்தில் கிடைத்திருக்கிறது.

தங்கத்தை உரசிய கல்

தென் தாய்லாந்தில் கிராபி மாநிலம் இருக்கிறது. அங்கே குவான் லுக் பாட் என்னும் பழைய துறைமுகப் பகுதியில் ஒரு சிறு கல் கிடைத்தது. கையில் அடங்கும் செவ்வகக் கல். குலோங் தோம் என்னும் ஊரின் புத்தர் கோயில் அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். அதன் மீது தமிழ்-பிராமி எழுத்தில் இரண்டே சொற்கள்: "பெரும்பதன் கல்". காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்று எழுத்தமைதியை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

அது என்ன கல்? பொற்கொல்லரின் உரைகல். தங்கத்தை அதில் உரசி, விழும் கோட்டின் நிறத்தைப் பார்த்து மாற்று சொல்வார்கள். பெரும்பதன் அல்லது பெரும்பத்தன் என்பது அதை வைத்திருந்தவரைக் குறிக்கும். பொற்கொல்லரைப் பத்தர் என்று சொல்லும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் இருக்கிறது. ஆக, கடல் கடந்து வந்த ஒரு தமிழ்ப் பத்தர், தம் தொழிற்கருவியிலேயே தம் பெயரைப் பொறித்து வைத்திருந்தார்.

நேயர்களே, ஒரு நேம் கார்டில் என்னென்ன இருக்க வேண்டும்? பெயர் இருக்க வேண்டும். அந்தக் கல்லில் இருக்கிறது. தொழில் தெரிய வேண்டும். கல்லைப் பார்த்தாலே தெரிகிறது. இன்றைய அட்டைகளில் பெரும்பாலும் இல்லாத மூன்றாவது ஒன்றும் அதில் உண்டு. "உன் தங்கத்தைக் கொடு, உன் கண் முன்னால் உரசிக் காட்டுகிறேன்" என்கிறது அந்தக் கல். தொழிலின் நேர்மையைச் சோதிக்கும் கருவியே அங்கே பெயர்ப் பலகையாகவும் இருந்தது. தொழிலைப் பிரதிபலிக்கும் அட்டைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்துத் தமிழ் வணிகர்கள் போன இடமெல்லாம் பெயரை விட்டுச் சென்றிருக்கிறார்கள். எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குசேர் அல் கதீம் என்னும் பழைய துறைமுகத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் எழுதப்பட்ட பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பிறகு வணிகக் குழுக்களின் காலம் வந்தது. தென் தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் உள்ள 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற குழுவின் பெயர் இருக்கிறது. தனி மனிதனை அறியாத ஊரில் குழுவின் பெயர் அவனுக்குப் பிணை நின்றது.

மரச் சில்லும் தாமிரத் தகடும்

அட்டை என்ற வடிவத்தில் பெயரைக் கொடுக்கும் பழக்கத்தைச் சீனர்களிடம் பழங்காலத்திலேயே பார்க்கிறோம். சீனாவின் மான்ஷான் நகரில் 1984-ஆம் ஆண்டு ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். அது கி.பி. 249-இல் இறந்த சூ ரான் என்னும் தளபதியின் கல்லறை. அதற்குள் மரச் சில்லுகள் பல இருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 செண்டிமீட்டர் நீளம். அவற்றில் அவருடைய பெயரும் ஊரும் மைக்கோலால் எழுதப்பட்டு, பணிவான வணக்கமும் நல விசாரிப்பும் சேர்ந்திருந்தன. பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது வாசலில் கொடுத்தனுப்பும் சில்லு அது. சீனரும் ஜப்பானியரும் இன்றைக்கும் இரண்டு கைகளாலும் அட்டையைக் கொடுத்து வாங்குவதை நாம் பார்க்கிறோம். அந்த மரியாதைக்கு இவ்வளவு நீண்ட வரலாறு உண்டு.

ஐரோப்பாவில் வேறு கதை. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் வீடுகளுக்கு எண் கிடையாது. கடைக்கு முன்னால் படம் வரைந்த பலகை தொங்கும். படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துக் கடையைக் கண்டுபிடிப்பார். அதே படத்தைத் தாமிரத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார்கள். அதுதான் வியாபார அட்டை. புகழ்பெற்ற ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1720-ஆம் ஆண்டு தம் செதுக்கு வேலைக்குத் தாமே ஓர் அட்டை செதுக்கினார். என் கைத்திறன் இப்படித்தான் இருக்கும் என்று அட்டையே சொல்லிவிட்டது. 1760களில் தொங்கும் பலகைகளை அகற்றி வீடுகளுக்கு எண் கொடுக்கத் தொடங்கினார்கள். அட்டையில் முகவரி வந்து அமர்ந்தது.

1854-ஆம் ஆண்டு பாரிஸ் நகரப் புகைப்படக்காரர் டிஸ்டெரி, சிறிய அட்டையில் புகைப்படம் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அன்றைய உயர் தொழில்நுட்ப அட்டை அதுதான். எந்தக் காலத்திலும் கையில் கிடைத்த புதிய தொழில்நுட்பத்தை மனிதர்கள் தங்கள் பெயரைச் சொல்லத்தான் முதலில் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஜொகூர் ஆற்றுக் கடிதம்

இனி நம் ஜொகூருக்கு வருவோம். இங்கே பெயருக்கு வலிமை கொடுத்தது முத்திரை. மலாய் அரசர்களும் பெருமக்களும் எழுதிய கடிதங்களில் ஜாவி எழுத்தில் செதுக்கிய முத்திரை இருக்கும். உலோக முத்திரையை விளக்குச் சுடரில் காட்டிக் கரி படிய வைத்துத் தாளில் பதிப்பார்கள். முத்திரையைப் பார்த்த பிறகுதான் கடிதத்தைப் படிப்பார்கள்.

தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம் காலத்தில், 1844-ஆம் ஆண்டிலிருந்து, சீனக் குடியேறிகளுக்கு சூராட் சுங்கை, அதாவது ஆற்றுக் கடிதம், கொடுக்கப்பட்டது. ஓர் ஆற்றங்கரையில் காட்டை வெட்டி மிளகும் காசுக்கட்டியும் பயிரிட அந்தக் கடிதம் உரிமை கொடுத்தது. அதை வைத்திருந்தவர் காங்சூ, ஆற்றுத் தலைவர். இன்றைய கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். ஜொகூர் பாருவில் பாரம்பரியத் தெருவாக விளங்கும் ஜாலான் தான் ஹியோக் நீ, அக்காலத்தின் பெரிய சீன வணிகர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1917-ஆம் ஆண்டில் காங்சூ முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது.

ஆற்றுக் கடிதத்தை வைத்திருந்தவர், தாம் யார், எந்த ஆறு, யார் கொடுத்த உரிமை என்ற மூன்றையும் ஒரே தாளில் காட்ட முடிந்தது. கடிதத்தின் வலிமை தாளின் அழகில் இல்லை. கொடுத்தவரின் பொறுப்பில் இருந்தது.

விலாசம் என்ற சொல்

ஜொகூரில் 1909-ஆம் ஆண்டு இரயில் பாதை திறக்கப்பட்டது. ரப்பர் தோட்டங்கள் பெருகின. தோட்டம் திறக்க முதல் வேண்டுமே! அங்கேதான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வருகிறார்கள். மூவார் போன்ற பட்டணங்களில் கடை வைத்தார்கள். கிட்டங்கி என்று சொல்லப்பட்ட நீண்ட கூடத்தில், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியும் தரையில் அமர்ந்து எழுதும் சாய்வு மேசையும்தான். அந்த இடத்துக்குப் பெட்டியடி என்று பெயர். ஊரிலிருந்து மூன்று ஆண்டுக் கணக்குக்கு ஒரு முகவர் வருவார். கணக்கு முடிந்ததும் அவர் திரும்புவார், அடுத்தவர் வருவார்.

ஆள் மாறிக்கொண்டே இருந்தால் வாடிக்கையாளர் யாரை நம்புவது? அதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாட்டின் பெயர் விலாசம். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துக் கட்டிய கடைப் பெயர் அது. தலைமுறை வளர வளர எழுத்தும் வளரும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எம்.சிடி. முத்தையா செட்டியாரின் மகன் சிதம்பரம் செட்டியார், தந்தை பெயரின் எழுத்தையும் சேர்த்துக்கொண்டு எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஆனார். அவர்தான் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியவர். 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் அந்த வங்கி திறக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் காலாங் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் அவர் காலமானார். திரைப்பட நேயர்களுக்குத் தெரிந்த ஏவி.எம். என்ற பெயரும் இந்த மரபின் வழி வந்ததே. ஆவிச்சி செட்டியாரின் மகன் மெய்யப்பன் என்பதன் சுருக்கம் அது.

இரண்டு மூன்று எழுத்துகளைப் பார்த்து, இது எந்த ஊர், எந்தக் குடும்பம், யார் மகன் என்று சந்தையில் சொல்லிவிடுவார்கள். மலாயாவில் ஒரு கடை எழுதிக்கொடுத்த உண்டியலைத் தமிழகத்தில் இன்னொரு கடை பணமாக்கிக் கொடுத்ததும் இந்த விலாசத்தை நம்பித்தான். ஒரு கடை சொன்ன சொல்லை மீறினால் அந்த எழுத்துகள் அழுக்காகும். அழுக்கு பேரனுக்கும் போகும்.

செட்டியார் கடனால் நிலத்தை இழந்தவர்களும் உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது அடமானம் வைத்த தோட்டங்கள் பல கை மாறின. அந்த வருத்தம் மலாயாவிலும் பர்மாவிலும் நெடுநாள் இருந்தது. வட்டிக்குக் கொடுத்தவர்களை நான் புனிதர்களாக்க வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வழக்குப் போட வேண்டுமானாலும், சண்டை போட வேண்டுமானாலும், வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டுமானாலும், போவதற்கு ஓர் இடம் இருந்தது. கடை இருந்தது. கடைமீது எழுத்து இருந்தது.

தமிழில் இன்று விலாசம் என்றால் என்ன பொருள்? முகவரி. அழகான சொல் இது. கடையின் பெயரும், ஆளைத் தேடிப் போகும் இடமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. "என் பெயர் இது, என்னைத் தேடி வரலாம்" என்று தருகிற வாக்குக்குத்தான் விலாசம் என்று பெயர்.

பெயர் இல்லாதவர்களின் அட்டை

இதே காலத்தில் ஜொகூரில் இன்னொரு தமிழ்க் கூட்டமும் இருந்தது. அதுதான் நம்மில் பெரும்பாலோரின் முன்னோர். கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் லாபிசிலும் பால் மரம் வெட்டியவர்கள். அவர்களுக்கு விலாசம் இருந்ததா?

வெள்ளைக்காரத் துரைகளின் பங்களா வாசலில் அட்டை போடும் பெட்டி இருக்கும். புதிதாக வந்த துரை தம் பெயர் அச்சிட்ட அட்டையை அதில் போட்டுவிட்டுப் போவார். அது அவர்கள் உலகத்து மரியாதை. கங்காணியிடம் ஊரிலிருந்து ஆள் கொண்டுவருவதற்கான லைசென்ஸ் இருந்தது. தொழிலாளியிடம் எதுவும் இல்லை. அவர் பெயர் செக்ரோலில் இருந்தது. விடிகாலையில் பெரட்டுக்களத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் "ஆஜர்" என்று குரல் கொடுக்க வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் நிலை இன்னும் வேதனையானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தகரத் துண்டு கொடுத்தார்கள். அதில் தோட்டத்தின் அடையாளமும் ஆளின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பயணம் செய்தார்கள். அதுவும் ஓர் அட்டைதான். ஆனால் அது அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதல்ல, மற்றவர்கள் அவர்களைப் பற்றிச் சொன்னது.

1948-ஆம் ஆண்டு அவசரகாலத்தில் மலாயாவில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை வந்தது. புகைப்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அட்டை. பின்னாளில் நம்மவர் பலர் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய கதை உங்களுக்குத் தெரியும். 2001-ஆம் ஆண்டு சில்லு பதித்த மைகாட் வந்தது. இவையெல்லாம் அரசாங்கம் தருவது.

அதனால்தான் சொல்கிறேன், நம் வீட்டுப் பிள்ளை முதன்முதலாக நேம் கார்டு அடிப்பது சின்ன விஷயமல்ல. தாத்தாவின் பெயர் செக்ரோலில் மட்டும் இருந்தது. அப்பாவின் பெயர் தொழிற்சாலையின் நேர அட்டையில் இருந்தது. மகன் ஸ்கூடாயிலோ மாசாயிலோ சிறு கடை திறந்து, தன் பெயரையும் தொழிலையும் தானே எழுதி அச்சடிக்கிறான். எந்தத் துரையும் அதைக் கொடுக்கவில்லை. தன்னைப் பற்றி அவன் தானே சொல்லும் முதல் அச்சு அது. அதை அலட்சியமாகச் செய்யலாமா?

தொழில் பேசும் அட்டை

புதுமையான வடிவமைப்பு வேண்டுமா என்றால் தாராளமாக வேண்டும். ஆனால் புதுமை எங்கிருந்து வர வேண்டும்? அச்சகத்தின் மாதிரிப் புத்தகத்திலிருந்து அல்ல, உங்கள் தொழிலிலிருந்து.

அண்மைக் காலத்தில் உலகம் முழுவதும் பேசப்பட்ட ஓர் அட்டையைச் சொல்கிறேன். கெவின் மிட்னிக் என்ற அமெரிக்கர் கணினிகளுக்குள் ஊடுருவிய குற்றத்துக்காக 1995-இல் கைதானவர். 2000-ஆம் ஆண்டு விடுதலையான பிறகு, நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு ஆலோசகராக மாறினார். 2023-இல் காலமானார். அவருடைய நேம் கார்டு மெல்லிய உலோகத் தகடு. அதில் வெட்டப்பட்டிருந்த சிறு துண்டுகளைப் பிரித்தெடுத்தால் பூட்டைத் திறக்கும் ஊசிகளாகிவிடும். உங்கள் பூட்டு எவ்வளவு பலவீனமானது என்று காட்டுவது என் தொழில் என்பதை அட்டையே சொல்லிவிட்டது. பெரும்பதனின் உரைகல்லும் மிட்னிக்கின் தகடும் ஒரே வகை. இரண்டும் தொழிலின் கருவி, இரண்டும் சோதித்துப் பார்க்கத் தருபவை.

நம் ஊருக்கு இதை எப்படிப் பொருத்துவது? தச்சர் மெல்லிய மரச் சீவலில் அட்டை செய்யலாம், அவர் இழைத்த பரப்பின் வழவழப்பை விரல் உணரும். தையற்கடை வைத்திருக்கும் அக்கா, துணித் துண்டில் தம் கடைப் பெயரைத் தையலாகவே போடலாம், தையலின் நேர்த்தி தெரிந்துவிடும். நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர் விதை பதித்த தாளில் அடிக்கலாம், முளைத்தால் அவர் விதை நல்ல விதை. மின்னியல் வேலை செய்பவர் அட்டையின் பின்புறத்தில், மின்சாரம் திடீரென்று துண்டித்தால் வீட்டுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது என்ன என்று மூன்று வரி அச்சிடலாம். அந்த அட்டையை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள்.

தொழில்நுட்பமும் நல்லதே. கியூஆர் குறியீடு 1994-ஆம் ஆண்டு ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவானது. ஒரு பெட்டிக்குள் என்ன பாகம் இருக்கிறது என்று தவறில்லாமல் சொல்வதுதான் அதன் முதல் வேலை. உள்ளே இருப்பதை உள்ளபடி சொல்லும் அந்த வேலையை அட்டையிலும் அது செய்யட்டும். குறியீட்டை வருடினால் நீங்கள் செய்து முடித்த வேலைகளின் படங்கள், விலைப்பட்டியல், கடை இருக்கும் இடத்தின் வரைபடம் ஆகியவை திறக்கட்டும். வெறும் வாழ்த்து அனிமேஷன் திறந்தால் யாருக்கு என்ன பயன்?

விளக்குக் கம்பத்து அட்டை

நேயர்களே, இன்று ஜொகூரில் அதிகமாகக் கண்ணில் படும் அட்டை எது தெரியுமா? விளக்குக் கம்பத்திலும், பேருந்து நிறுத்தத்திலும், பூட்டிய கடைக் கதவிலும், உங்கள் காரின் கண்ணாடியிலும் செருகியிருக்கும் கடன் அட்டைதான். "உடனடிக் கடன், பிணை வேண்டாம்" என்று வண்ண வண்ணமாக அச்சிட்டிருக்கும். வடிவமைப்பில் குறை சொல்ல முடியாது. அதில் ஒரு கைத்தொலைபேசி எண்ணும் ஒரு செல்லப் பெயரும் இருக்கும். முழுப் பெயர் இருக்காது. முகவரி இருக்காது. உரிம எண் இருக்காது.

வட்டி முதலைகளின் அட்டை அது. அந்தக் காலத்துச் செட்டியார் கடையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் கடன் கொடுக்கும் தொழில்தான். ஆனால் அங்கே கடன் வாங்கியவருக்குக் கடை தெரியும். இங்கே கடன் வாங்கியவரின் வீடு மட்டும் அவர்களுக்குத் தெரியும், அவர்கள் இருக்கும் இடம் இவருக்குத் தெரியாது. கடன் தவணை தவறினால் வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் வந்து விழும். விலாசம் இல்லாத அட்டை என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடன் சட்டத்தின் கீழ்க் கடன் கொடுக்க உரிமம் வேண்டும். உரிமம் தருவது வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு. விளம்பரம் செய்வதற்கே தனி அனுமதி வேண்டும். பிணையோடு கொடுக்கும் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, பிணை இல்லாக் கடனுக்கு 18 விழுக்காடு என்பதுதான் வட்டி வரம்பு. உரிம எண் இல்லாத கடன் அட்டை கையில் கிடைத்தால், அந்த எண்ணை அழைக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

இந்த அட்டைகளால் நேர்மையாகத் தொழில் செய்யும் நம் பிள்ளைகளுக்கும் சேதம் உண்டு. எண் மட்டும் இருக்கும் அட்டையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன மக்கள், எந்த அட்டையையும் நம்பத் தயங்குகிறார்கள். போலிக் கியூஆர் குறியீட்டை நல்ல குறியீட்டின் மேல் ஒட்டிப் பணம் பறிக்கும் மோசடியும் நடக்கிறது. ஆகவே உங்கள் அட்டை அழகாக இருந்தால் மட்டும் போதாது. சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, தொழிலைப் பதிவு செய்யுங்கள். தனியாள் தொழிலாக இருந்தாலும், தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம் சொல்கிறது. 2019 அக்டோபர் முதல் பதிவு எண் 12 இலக்கங்களாக வருகிறது. அந்த எண்ணை அட்டையில் போடுங்கள். இந்தக் காலத்தின் விலாசம் அதுதான்.

இரண்டாவது, முகவரியைப் போடுங்கள். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர், குறிப்பாகப் பெண்கள், வீட்டு எண்ணைப் போடத் தயங்குவது நியாயமே. தாமான் பெயரையும் ஊரையும் போட்டு, பதிவு எண்ணையும் சேர்த்துவிட்டால் போதும். உங்களைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, செய்யாத வேலையை எழுதாதீர்கள். ஓர் அட்டையில் பதினைந்து தொழில் இருந்தால் படிப்பவருக்கு ஒன்றிலும் நம்பிக்கை வராது. ஒன்றை எழுதி, அதைச் சரியாகச் செய்யுங்கள்.

நான்காவது, உங்கள் மொழியும் அதில் இருக்கட்டும். மலாயும் ஆங்கிலமும் தேவை. ஒரு மூலையில் உங்கள் பெயர் தமிழிலும் இருந்தால் என்ன குறைந்துவிடும்? பெரும்பதன் அந்நிய மண்ணில்தான் இருந்தார். தம் கல்லில் தமிழில்தான் எழுதினார்.

வாடிக்கையாளருக்கும் ஒரு சொல். முன்பணம் கேட்டால் பணம் போடுவதற்கு முன், போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தட்டிப் பாருங்கள். ஏமாந்து பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். அந்தக் காலத்தில் தங்கத்தைக் கல்லில் உரசிப் பார்த்தோம். இந்தக் காலத்தில் எண்ணை உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்பு நேயர்களே, கிராபியில் இருக்கும் அந்தச் சிறு கல்லை மீண்டும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்தக்காரர் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார், எப்போது இறந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் என்ன வேலை செய்தார், தம் பெயரை எதன்மேல் வைத்தார் என்பது தெரிகிறது. சோதித்துப் பார்க்கும் கருவியின்மேல் தம் பெயரை வைத்தார். அச்சகத்துக்குப் போகும் நம் பிள்ளைகள் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: இந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது என்னைத் தேடி வந்தால், நான் அங்கே இருப்பேனா? ஆம் என்று பதில் வந்தால், சாதாரண வெள்ளை அட்டையே போதும். தங்க எழுத்து அதற்கு மேல் உங்கள் விருப்பம்.